கொலருக்குள் இரண்டு விரல்

டொக்டரிடம் போகிறவன் வருத்தத்தை வாயால் சொல்லுவான். தையல்காரனிடம் வருகிறவன் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பான், வருத்தத்தை நாங்கள்தான் அளவுநாடாவில் கண்டுபிடிக்க வேண்டும்.

கல்முனை பசாரில் ஒடுங்கிய ஒரு கடை, இரண்டு மெசின். ஒன்றில் நான். எதிரே, நாலடி தூரத்தில், என் கூட்டாளி காசிம். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி எண்பதுகள் முழுக்க அந்த நாலடிக்குள் இருந்து முதுகை வளைத்தவர்கள் நாங்கள். ஆகவே முதுகுவலி, நெஞ்செரிவு, நித்திரைக் குறைவு, இன்னதென்று சொல்லத் தெரியாத கவலை, இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் வாசகர்களே, நாம் ஒரே வீட்டுக்காரர்.

ஊரில் எனக்குப் புளுகன் என்று பெயர். சூறாவளி அடித்த அன்று என் மெசின் பறந்துபோய் அக்கரைப்பற்று பஸ் சந்தியில் இறங்கியது, நான் போய்ச் சேர முதல் அங்கே ஒருவருக்குச் சட்டை தைத்து முடித்திருந்தது என்று சொல்லுவேன். காசிம் தலை நிமிராமல், "கை மட்டும் கொஞ்சம் கோணிப் போச்சு. காத்து மாறி அடிச்சது" என்பான். புளுகு என்னுடையது, முடிச்சு அவனுடையது. அப்படிப்பட்ட காசிமை நாலடி தூரத்தில் வைத்துக்கொண்டே நான் தொலைக்கப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். வழியில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம்.

சேரின் இடுப்பு

பள்ளிக்கூட அதிபர் ஒருவர், ஊருக்கே சேர், பென்சன் எடுத்தார். முப்பது வருடமாக மணியடித்தால் எழும்பி, மணியடித்தால் சாப்பிட்ட மனிதர். பென்சன் எடுத்த பிறகு மணியடிக்க ஆளில்லை. முதலில் கழிசானைக் கொண்டுவந்து இடுப்பில் அளவுநாடாவுக்கு ஒரு இஞ்சி சுருக்கிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து இன்னும் ஒரு இஞ்சி. மூன்றாம் தடவை வந்தபோது பின்பக்கத்துப் பொக்கற் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"சேர், இனியும் பிடிச்சா ரெண்டு பொக்கற்றும் ஒண்டாப் போயிரும்" என்றேன். "அதுவும் நல்லம்தான், வலக்கை வெச்சத இடக்கை எடுக்கலாம்" என்று காசிம் எதிர் மெசினில் இருந்து முடிச்சுப் போட்டான். சேர் சிரிக்கவில்லை. கழிசானை மேசையில் மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "விடிஞ்சா எங்க போறதெண்டு தெரியல்ல, அதால எழும்புறயில்ல. எழும்பாட்டிப் பசிக்கிறயில்ல. மத்தப்படி எனக்கு ஒண்டுமில்ல தம்பி."

ஐந்தாவது பை

சாய்ந்தமருதில் ஒரு மீன்காரரின் மனைவி. நாலாவது பிள்ளை பிறந்த பிறகு காரணம் தெரியாமல் அழுவாளாம். அடுப்பு மூட்ட முதல் களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்துவிடுவாளாம். வீட்டார் ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். தாயத்தை உள்ளே வைத்துக் கட்டும் கறுப்புத் துணிப்பை தைப்பது எங்கள் வேலை. விரல் நீளப் பை. ஒரு வருடத்துக்குள் அந்த ஒரு வீட்டுக்கு நாலு பை போனது. நாலாவதைக் காசிம் தைத்தான். தையல் பாம்பு போன வழியாக இருந்தது. நான் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன். ஏன் என்று அவனைக் கேட்கவில்லை.

ஐந்தாம் தடவை உம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, உடம்பில் ரத்தம் போதாது என்று குளிசை கொடுத்து, ஈரலும் கீரையும் தின்னச் சொல்லி அனுப்பினார்களாம். "அப்ப இனிப் பை தேவல்லயா புள்ள?" என்றேன். "தேவ காக்கா. ஓதினது ஓதினபடி கிடக்கட்டும். இது குளிசை வைக்க, கொஞ்சம் பெருசாத் தைங்க."

குழிக்குள் கால்

ஒரு காலம் எனக்கே சரியில்லாமல் போனது. முதுகு கடுத்தது. முதுகு கடுத்ததால் நித்திரை இல்லை. நித்திரை இல்லாததால் வருகிறவர்களோடெல்லாம் கொழுவினேன். சவளக்கடையில் இருந்து வந்த வயல்காரர் ஒருவரிடம், சட்டை பிழையில்லை, வயிறுதான் பிழை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் மருதமுனை நெசவாளி ஒருவர் சாரனின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்ட வந்தார். முதுகுக்கு என்ன என்று கேட்டார். வளைந்த வளைவில் பக்கத்து வீட்டுக் கோழி கூடென்று நினைத்து ஏறி முட்டையிட்டுவிட்டது என்றேன். காசிம் முடிச்சுப் போடுவான் என்று காத்திருந்தேன். மெசின் சத்தம் மட்டும்தான் வந்தது.

நெசவாளி சொன்னார்: "முட்டைய விடுங்க காக்கா. நான் தறிக் குழிக்குள்ள காலப் போட்டு நாள் முழுக்கக் குந்தியிருக்கிறவன். பின்னேரம் கடற்கரையால ரெண்டு கட்டை தூரம் நடக்காட்டி, ராவைக்குப் பொண்டாட்டி புள்ளயோட நல்ல வாயாக் கதைக்க ஏலா." நானும் நடக்கத் தொடங்கினேன். பத்து நாளில் நித்திரை வந்தது. காசிமையும் கூப்பிட்டேன். துணியில் இருந்து கண்ணை எடுக்காமலே அவன் சொன்னது: "நீ போ மச்சான், எனக்கு வேல கிடக்கு."

சவூதிக்குப் போனவர்

நோன்பு மாதம் எங்களுக்கு அறுவடைக் காலம். பெருநாளைக்கு ஊரே புதுச்சட்டை போடும். நான் நடக்கத் தொடங்கிய வருடம், பாதி நோன்பில் காசிம் கடைக்கு வரவில்லை. இரண்டு நாள், மூன்று நாள். தலையிடி என்று ஆள் சொல்லி அனுப்பினான். எனக்கு உள்ளுக்குள் கோபம். மலை மாதிரித் துணி குவிந்து கிடக்க, நோன்புக் களைப்புக்குப் படுத்துவிட்டான் என்று நினைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், அவனுக்குச் சவூதியில் தையல் வேலை கிடைத்து அவசரமாகப் போய்விட்டான் என்று சொல்லிவைத்தேன்.

புளுகு என் காலைவிட வேகமாக நடந்தது. மறுநாள் இரண்டு பேர் காசிமின் வீட்டுக்குப் போய், வரும்போது ஒரு ரேடியோ கொண்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள் என்று அவன் மனைவி சபியாவைக் கேட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரமே சபியா கடை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை, சண்டை பிடிக்கவும் தெம்பில்லாதவள் போல நின்றாள். "காக்கா, சவூதிக்குப் போன உங்கட கூட்டாளி ஊட்டுச் சுவரப் பாத்துக்கொண்டு படுத்துக் கிடக்கார். விடிய முதல் சஹருக்கும் தின்னுறார் இல்ல, நோன்பு தொறக்கவும் ஒரு மிடறு தண்ணிதான். நேத்து, நான் இருந்து என்ன பிரயோசனமெண்டு கேட்டார். நீங்க வந்து அந்த விசாவ ரத்துப் பண்ணுங்க."

அளக்காத ஆள்

எங்களுக்குள் ஒரு வழக்கம். பெருநாள் சட்டையை அவனுக்கு நான் தைப்பேன், எனக்கு அவன் தைப்பான். ஒருவரையொருவர் அளப்பதில்லை. கூட்டாளியின் உடம்பு கண்ணுக்குள் இல்லாதவன் என்ன தையல்காரன் என்று ஒரு திமிர். அவனுக்குக் கொலர் பதினைந்தரை, நெஞ்சு முப்பத்தெட்டு. கடை தொடங்கிய நாளில் இருந்து அதுதான். அந்த வருடமும் அப்படியே தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

எழுப்பி இருத்திப் போட்டுப் பார்த்தேன். கொலர் பொத்தானைப் பூட்டினால் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், அதுதான் கணக்கு. என் கை முழுக்கப் போனது. சேரின் இடுப்பை இஞ்சி இஞ்சியாகப் பார்த்தவன், எதிரே இருந்தவன் நாலு இஞ்சி வற்றியதைக் காணவில்லை. கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கினேன். நெஞ்சைச் சுற்றி நாடா போனபோதுதான் அவன் வாய் திறந்தான். எட்டு மாதமாக அவனால் ஊசிக்கு நூல் கோர்க்க முடியவில்லை. காலையில் சபியா வீட்டில் இருபது ஊசிக்குக் கோர்த்துக் கொடுப்பாள், அதை வைத்துப் பொத்தான் ஓட்டை கட்டுவான். மெசினை விரலால் தடவித்தான் ஓட்டினான். வாப்பா கண் தெரியாமல்தான் மவுத்தானார், நானும் அந்த வழிதான், கண் போனால் தொழில் போகும், தொழில் போனால் நான் யார் என்று யோசித்து யோசித்து நித்திரை போனது, நித்திரைக்குப் பின்னால் சோறும் போனது.

நான் சாரன் மடியில் இருந்து என் கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் வைத்தேன். கடையை விட்டு இரண்டு பேரும் ஒன்றாகத் தொழப் போக முடியாது. முதலில் அவன் பகல் லுஹருக்குப் போவான். அந்த நேரம் பார்த்து நான் களவாகக் கண்ணாடி போட்டு ஊசி கோர்த்து வைப்பேன். தையல்காரனுக்குக் கண் மங்கினது தெரிந்தால் துணி வேறு கடைக்குப் போகும் என்ற பயம். இது நாலு வருடக் களவு என்று அவனிடம் சொன்னேன். அவன் சட்டைக் கையின் தையலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நாலு வருசமா மறைச்சிருக்காய். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு மெலிஞ்சிருக்க மாட்டன்டா."

கடைசியாக ஒரு முடிச்சு

கண்ணாடி போட்ட அன்றே ஆள் எழும்பிவிட்டான் என்று எழுதினால் அதுதான் என் வாழ்நாளின் பெரிய புளுகு. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஆளைப் பார்த்துவிட்டு, நித்திரைக்கும் மனசுக்குமாக இன்னொரு டொக்டரிடம் அனுப்பினார்கள். சபியா கஞ்சி காய்ச்சிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் பின்னேரங்களில் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சில நாள் பாதி வழியில் மணலில் இருந்துவிடுவான், நானும் இருப்பேன். பெருநாள் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் போன பிறகுதான் எதிர் மெசினில் மறுபடி சத்தம் கேட்டது. அதுவும் கிழமைக்கு மூன்று நாள்.

ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து, காசிம் காக்கா எப்ப சவூதியால வந்தார் என்று கேட்டார். விட்ட புளுகைத் திரும்ப எடுக்க ஏலாதே. அங்கே ஒரு ஷேக்குக்கு ஒரே நாளில் நாற்பது சட்டை தைத்துவிட்டு வந்தார் என்றேன். காசிம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினான். தலை நிமிரவில்லை. "கொலர் பதினெட்டு. ரெண்டு விரல் விட்டுத்தான் தச்சன்."

அதற்குப் பிறகு எங்கள் கடையில் யார் வந்தாலும் முதலில் அளப்பது எதிர் மெசின்காரனைத்தான், அவன் அளப்பது என்னை. துணியோடு வருகிறவர் அதுவரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும்.