கதையில் வரும் ஆள் என் வீட்டுக்காரர் இல்லை

என் நாவலில் கதை சொல்கிறவன் கேடுகெட்டவன். ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் மட்டமாகப் பேசியே ஓய்வு பெறுகிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் எழுதினேன், அவனோடு சேர்ந்து சிரிக்க இல்லை. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? வாய் வலிக்கிறது.

அம்பத்தூரில் ஒரு வாசகர் கூட்டம். ஒருவர் எழுந்து, "இந்த ஆளை சகிக்கவே முடியல. ஒரு நல்லவன்கூடவா கிடைக்கல உங்களுக்கு?" என்று கேட்டார். நல்லவன் வேண்டுமென்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படியுங்கள் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனார். அவர்கூடப் பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மனசுல இருக்கிறத அப்படியே எழுதிட்டீங்கம்மா. எல்லாரும் ஓசி சோத்துக்கு வர்றவனுங்கதான்." கையை உருவிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

நாங்களும் ஆவடி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். அங்கே வேறு தலைவலி. அந்த மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு ரிட்டயர்மென்ட். புத்தகத்தில் 'நான்' என்று பேசுகிறவன் அவர்தான் என்று அவருடைய தொழிற்சாலை செக்‌ஷனில் முடிவே கட்டிவிட்டார்கள். தொழிற்சாலை கேட்டைத் தாண்டாத பொம்பளைக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? இவர் சொல்ல நான் எழுதினேனாம். அட்டையில் என் போட்டோ இருந்து என்ன பிரயோஜனம்!

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரைச் செக்‌ஷன் ஆட்கள் மாலை போட்டு, மேளத்தோடு வேனில் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போவார்கள். இவர் யாருடைய ஊர்வலத்தையும் தவறவிட்டதில்லை. என் நாவலின் முதல் அத்தியாயமே அந்த ஊர்வலம்தான். 'இலை காலியானால் ஆளும் காலி' என்கிறான் என் ஆள்.

"நம்ம வீட்டுக்கு வருவாங்களான்னு தெரியல" என்றார் இவர், ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

"அது நீங்க இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சரி, அந்த ஓசி சோத்துக்கு வர்றவனுங்க நாங்க இல்லியான்னு கேக்குறாங்க."

அன்றைக்கு பிரியாணி செய்து வைத்துவிட்டு மாடியில் நின்றேன். மேளம் கேட்டது. வேன் வந்தது. மாலையோடு இவர் மட்டும் இறங்கினார். இவருக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பாரிவாக்கத்துக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணி, அண்ணாத்தைய பத்திரமா எறக்கிட்டோம். கெளம்புறோம்."

"சாப்பிட்டுப் போங்க."

"வோணாம் அண்ணி. அப்பால அடுத்த புக்குல நாங்க துன்னதை எழுதுவீங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"அது அந்த ஆள் பேசுறது. நான் பேசுறது இல்ல."

"எவன் பேசுனா இன்னா அண்ணி? ஏச்சு வாங்குறது நாங்கதானே."



இவர் மேலே வந்தார். கழுத்தில் மாலையோடேயே பிரியாணி அண்டாவைத் துணி வைத்துப் பிடித்தார். இன்னொரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீ விடு" என்றார். தட்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, தனியாகவே தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

"எறங்கலன்னா போங்கடா, வேன்லயே சாப்பிடுங்க!" என்று கீழே அவர் சத்தம் போடுவது கேட்டது. கீழே தட்டுச் சத்தம். பிறகு பாரிவாக்கத்துக்காரர் குரல்: "அண்ணாத்தே, வெறும் எலும்பா வுழுது. கறிய யாருக்கு ஒளிச்சு வெச்சிகீறே?"

வெங்காயப் பச்சடி மேலேயே கிடந்தது. யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு தட்டாகப் போட்டுக்கொண்டே போனேன். பாரிவாக்கத்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினார்.

"கொஞ்சமா போடுங்க" என்றார்.