என் கணவரின் கை நடுக்கம்

அன்பான சபையாரே, என் கணவர் சம்மதம் தந்த பிறகே இதைச் சொல்கிறேன்.

அவர் பெயர் தேவதாஸ். இளம் வயதில் ராணுவத்தில் இருந்தவர். போர்னியோ காட்டுச் சண்டையில் பக்கத்திலிருந்த நண்பர் அவர் கண்முன்னே இறந்தார். திரும்பி வந்தபின் ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை. கெட்ட கனவுகள் எப்போதும் உண்டு. ஆனாலும் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

1978இல் நிலைமை மோசமானது. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. அவருடைய காற்சட்டைகளை ஒரே வருஷத்தில் மூன்று முறை இடுப்பில் பிடித்துத் தைத்தேன். ஒருநாள் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே லாரி டயர் வெடித்தது. அவர் எங்கள் மகளைத் தரையில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். பிள்ளையின் முழங்கை கிழிந்தது.

"என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. நான் உங்களுக்கு ஆபத்து," என்றார்.

"உங்கள விட்டுட்டு நாங்க எங்க போவோம்?" என்று அவர் தலையைத் தடவினேன். சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை போயிருந்தது.

எல்லாம் சண்டையின் பயம் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன், மாறவில்லை. கடைசியில், யாரிடமாவது பேசத் தைரியம் தாரும் என்று கேட்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்காவிடம் அழுதேன். அவர் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, நர்ஸ் வேலை. உடனே ஜெபிப்பார் என்று நினைத்தேன். அவரோ கேள்வி கேட்டார்.

"நல்லா சாப்பிடுறாரா?"

"ரெண்டு ஆள் சோறு சாப்பிடுறாருக்கா. ஆனா இளைச்சுக்கிட்டே போறாரு."

"ஃபேன் அடியில இருந்தும் வேர்க்குதா?"

"ஆமாக்கா."

"அப்ப இது பயம் மட்டும் இல்லம்மா. தைராய்டா இருக்கலாம். நாளைக்கே பிளட் டெஸ்ட் எடுப்போம். நானே கூட வர்றேன் லா."

பிறகுதான் என் கையைப் பிடித்து ஜெபித்தார்.

ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிக அதிகமாக இருந்தது. மனதில் சண்டையின் காயம் இருப்பதும் உண்மை, இந்த நோயும் உண்மை, ஒன்று மற்றதை மறைத்துவிட்டது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாத்திரை கொடுத்தார். மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்.

சில மாதங்களில் நடுக்கம் நின்றது. உடம்பு தேறியது. இறந்த நண்பரின் பெயரை முதன்முறையாக என்னிடம் சொன்னார். இருவரும் அழுதோம். கனவுகள் இன்றும் வருகின்றன. வரவில்லை என்று சொன்னால் அது பொய்சாட்சி. ஆனால் இப்போது என்னை எழுப்பிச் சொல்கிறார். அவரோடு ராணுவத்தில் இருந்த இரண்டு பேரை அவரே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கான பதிலை ஆண்டவர் எஸ்தர் அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். நான் போய்க் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.