மூன்றாம் கலனில் மூன்று தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிள்ளானில் ஒரு சீனி ஆலையில் டீனாவுக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

டீனாவுக்கு அங்கே ஆய்வுக்கூட வேலை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் வருவாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டாள். ஆலையில் அவள் கரும்பைப் பார்த்ததே இல்லை. அது எங்கோ பிழியப்பட்டு, பழுப்புச் சீனியாகக் கப்பலில் வந்து இறங்கும். அதைக் கரைத்து, வடிகட்டி, வீட்டளவு இரும்புக் கலனில் காய்ச்சுவார்கள். பதம் வந்ததும் பொடிச் சீனியை விதையாகத் தூவினால் வெள்ளைப் பரல்கள் வளரும்.

அன்று காலை மூன்றாம் கலனுக்குள் ஆட்கள் இறங்கிச் சுரண்டிக் கழுவினார்கள். இறங்குகிறவர் தன் பெயர் அட்டையைக் கலனின் வாயில் மாட்ட வேண்டும். வெளியே இருப்பவர் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே இருப்பவர் மூன்று தட்டுவார். நலம் என்று அர்த்தம்.

மாலை நான்கு இருபது. கலனை மூடியாயிற்று. அட்டை எதுவும் தொங்கவில்லை. கொதிக்கும் பாகை உள்ளே விட, கலனைப் பார்த்துக்கொள்ளும் திமோத்தி வால்வில் கை வைத்தார். மாதிரி எடுக்க டீனா பக்கத்தில் நின்றாள்.

டங்... டங்... டங்...

"அண்ணே, கேட்டுச்சா?"

"ஸ்டீம் குழாய்லா. சூட்டுல கத்தும்."

டீனா குழாயைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"என்னம்மா, பேயா? சீனிப் பேய் ஸ்வீட்டாத்தான் இருக்கும், பயப்படாதே!"

அவள் ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு தட்டு தட்டினாள்.

டங். டங். டங்.

"வால்வைத் திறக்காதீங்க! உள்ள ஆள் இருக்கு!"

அவள் கத்தியதை அதுவரை யாரும் கேட்டதில்லை. திமோத்தியின் கை வால்வை விட்டது. சட்டைப்பைக்குப் போனது. இரண்டு அட்டைகள் வெளியே வந்தன. ஒன்று அவருடையது. மற்றது, காலையில் அவரோடு கலனுக்குள் இறங்கிய சரணுடையது.

"சாப்பிடப் போறப்ப ரெண்டையும் நான்தான்... எப்பவும் அப்படித்தான் எடுப்பேன்... உள்ள விளக்கை விட்டுட்டேன், எடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போறேன்னு சரண் சொன்னான்லா..."

மூடியைக் கழற்றினார்கள்.

அடியில் சரண். சுருண்டு கிடந்தார்.

மூச்சில்லை.

டீனா கையைத் தொட்டாள்.

விறைத்திருந்தது.

சாவு வீட்டில் சரணின் மனைவி ஜனகா டீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அவர் ரொம்ப நேரம் தட்டினாராம்மா?"

"இல்லக்கா. கேட்ட உடனே திறந்துட்டோம்."

ஜனகா டீனாவின் கையைப் பிடித்தாள்.

"அப்புறம் ஏன்மா... மத்தியானம் ஒரு மணிக்கே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு?"