விமானம் போகட்டும்

எங்கள் ஊரில் யாரும் ஒரு பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்ததில்லை. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய அனகாபுத்தூரில் தலைக்கு மேலேதான் விமானம் இறங்கும். சத்தம் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே நிறுத்துவார், கேட்பவர் காத்திருப்பார், அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். மீன்காரம்மாவிடம் பேரம் நிற்கும். தெருச்சண்டைகூட நிற்கும். ரெண்டு பேரும் முறைத்தபடியே நின்று, சத்தம் அடங்கியதும் பாதியில் விட்ட கெட்ட வார்த்தையை முடிப்பார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விமானத்தோடு போட்டி போட்டுக் கத்தும்போதுதான் இது எங்கள் ஊர்ப் பழக்கம் என்றே தெரியும்.

அந்தப் பழக்கத்தால் என் முதல் காதல் நாசமாகப் போனது. அதைத்தான் படமாக எடுத்தேன்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டியூஷன் நடக்கும். நான் பிளஸ் டூ படித்தபோது கோவளத்திலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். இங்கே மாமா வீட்டில் தங்கிப் படித்தான். கணக்கு சுமார்தான், சிரிப்பு பிரமாதம். அவன் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் அம்மாவை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். அம்மாவுக்கு எப்படித்தான் உறைக்காமல் போனதோ!

ஒரு நாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவன் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றான். நான் கொடியில் துணி எடுக்கிற மாதிரி நின்றேன். "என்னமோ சொல்லணும்னியே?" என்றான். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்ததுதான்.

"எனக்கு உன்ன..." என்று ஆரம்பித்தேன். விமானம் வந்துவிட்டது.

நிறுத்தினேன். வேறென்ன செய்வேன், பிறந்ததிலிருந்து அப்படித்தானே? அண்ணாந்து பார்த்துக்கொண்டு சாவகாசமாக நின்றேன். அம்மா பாடத்தை நிறுத்துவதைக் கோவளத்துப் பையன் பார்த்திருப்பான்தான், இந்தப் பேச்சைக்கூட நிறுத்துவோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆசையாகப் பேச ஆரம்பித்தவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தானோ, மனசு மாறிவிட்டேன் என்று நினைத்தானோ, முகம் செத்துப்போய் மாடிப்படியில் இறங்கிவிட்டான். சத்தம் அடங்கித் திரும்பினால் ஆளில்லை. மிச்சத்தைக் கொடியில் காய்ந்த பெட்ஷீட்டிடம் சொல்லி முடித்தேன்.

மறுநாளிலிருந்து அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ரோஷக்காரி. ஒரு விமானம் போகிற நேரம்கூடக் காத்திருக்கத் தெரியாதவனிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். பரீட்சை முடிந்ததும் அவன் ஊருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் சொல்லாத அந்த மிச்சம் தொண்டையிலேயே நின்றது.

பிறகு என்ஜினியரிங், மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் தூக்கம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன். "சினிமா எடுக்கப் போறாளாம், சினிமா!" என்றாள் அம்மா. அதோடு சரி. சாப்பிட்டியா என்று கேட்பாள், மழை வரும் குடை எடு என்பாள், படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதே மொட்டை மாடியில்தான் படப்பிடிப்பு. அம்மா பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுத்தோம். கதாநாயகி பக்கத்துத் தெருக் கல்லூரிப் பெண். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவே தேவையிருக்கவில்லை. கதாநாயகன் அடையாற்றுப் பையன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் விமானத்துக்கு மேலே கத்தினான். நாள் முழுக்கத் தலைமேல் போகிற சனியன், நாங்கள் கேமராவைத் தூக்கினால் மட்டும் வராது. "டப்பிங்ல சத்தத்தச் சேத்துக்கலாம்" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். முடியாது என்று பிடிவாதமாகக் காத்திருந்து, நிஜ விமானத்தோடுதான் எடுத்தேன். எங்கள் படத்தில் பையன் படியிறங்கப் போவான், பிறகு என்னவோ தோன்றி நின்றுவிடுவான். விமானம் முழுதாகப் போகிறவரை ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள்.

அந்தச் சும்மாதான் எடிட்டருக்குப் பிடிக்கவில்லை. அவள் என் கல்லூரித் தோழி, மயிலாப்பூர்க்காரி, கத்தரிக்கோலை நாக்கிலேயே வைத்திருப்பவள்.

"இவ்ளோ நேரம் யாருடி சும்மா பாப்பாங்க? செல்போன எடுத்துருவாங்க. வெட்டிரலாம்."

"அத வெட்டினா படமே இல்லடி."

சண்டை முற்றி ஒரு முடிவுக்கு வந்தோம். திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன் எங்கள் ஊரிலேயே ஒரு தடவை போட்டுப் பார்ப்பது. அந்த இடத்தில் சனங்கள் நெளிந்தால் வெட்டு. சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சர்ச்சு ஹால். தெருவே வந்திருந்தது. வந்து என்ன? படம் ஓடுகிறது, சிப்ஸ் பாக்கெட் நொறுங்குகிறது, குழந்தை அழுகிறது. எங்கள் தெரு ஆட்டோ அண்ணா, "இன்னாம்மா, பாட்டே இல்லியா?" என்று சத்தமாகக் கேட்டார். திரையில் எங்கள் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும், "தோ, டீச்சர் வூடு கீது பாரு!" என்று ஒரே கூச்சல். பேசுகிற வசனம் எதுவும் காதில் விழவில்லை. அம்மா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடிட்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

திரையில் அந்தப் பெண் கொடிக்குப் பக்கத்தில் நின்று, "எனக்கு உன்ன..." என்றாள். விமானச் சத்தம் எழுந்தது.

ஹால் நின்றது.

அத்தனை பேரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ அண்ணா ஏதோ சொல்லவந்து, வாயைத் திறந்தபடியே இருந்தார். சிப்ஸுக்குப் போன கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. அது படத்து விமானம் என்று புத்திக்குத் தெரியும், ஆனால் உடம்புக்குத் தெரியாதே! பிறந்ததிலிருந்து காத்திருந்த உடம்புகள். திரையில் ரெண்டு பேரும் காத்திருந்தார்கள், கீழே எங்கள் ஊர் மொத்தமும் அவர்களோடு காத்திருந்தது. ஒருத்தர்கூட நெளியவில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அந்தச் சுத்தமான அமைதியில் அவள் சொன்னாள்:

"பிடிச்சிருக்கு. நீ போறதுன்னா போ. நான் சொல்லிட்டேன்."

யாரோ விசிலடித்தார்கள். ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் தொண்டையில் இத்தனை வருஷம் நின்றது அன்றைக்கு ஊரறிய வெளியே வந்துவிட்டது. எடிட்டர் என் கையைக் கிள்ளி, "ஜெயிச்சுட்டடி, மூதேவி" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை, கடைசிவரை பார்த்திருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தாள். மேலே நிஜ விமானம் வந்துவிட்டது.

அம்மா நிறுத்தினாள். நான் நின்றேன். பக்கத்தில் எடிட்டர்கூட, வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றாள். இவ்வளவு நீளமான விமானத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு வழியாக அது போய்ச் சேர்ந்தது.

"...நம்ம டியூஷன்ல எந்த பேட்ச்சுடி?" என்றாள் அம்மா.

"அம்மா!"

"சொல்லு. நல்லா எடுத்திருக்க. அதான் கேக்கறேன், யாரு அவன்?"

இந்தத் தடவை வானம் காலியாக இருந்தது. சொன்னேன்.