விழுவதற்கு முந்தைய எட்டு வரிகள்

காப்புறுதிப் படிவத்தின் பன்னிரண்டாவது கேள்வி இதுதான்: விபத்துக்கு முன்பு இப்படிப்பட்ட தொந்தரவு இருந்ததா? "இல்லை" என்று எழுதினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ரயில்வே அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். ஆதாரம் காட்டாமல் ஒரு வரி எழுதினாலும் மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில், "இல்லை; எனது நாட்குறிப்பின்படி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

என் மனைவி குளியலறைப் படியில் விழுந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இடது காலை ஊன்ற முடியவில்லை. சிறுநீர் அவளுக்குத் தெரியாமலே போனது. வயது நாற்பத்தெட்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவளுடைய அறையில் நடப்பது கேட்கும்.

அரசு மருத்துவமனையில் கட்டிலும் மருந்தும் கிடைத்தன. வீட்டுக்கு நாப்கின் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெரியவர்களுக்கான நாப்கினை எண்பதுகளில் எல்லாக் கடையிலும் வாங்க முடியாது. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொல்லிவைத்து வரவழைப்பார். பத்து அடங்கிய கட்டு இரண்டரை நாள் வரும். முதல் மாதம் சம்பளத்தில் சமாளித்தேன். இரண்டாம் மாதம், குவார்ட்டர்ஸ் பெண்கள் சேர்ந்து கட்டிய கூட்டுச் சீட்டில் அவளுடைய முறையை முன்கூட்டியே கேட்டு எடுத்தோம். மூன்றாம் மாதம் என் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துத் தைத்தேன். ஈரத்தில் அவளுடைய தொடை வெந்து புண்ணானது. தொழிற்சங்க உதவி நிதிக்கு மனு எழுதலாமா என்று கேட்டேன்.

"மனுவ கூட்டத்துல வாசிப்பாங்களா?" என்றாள்.

"வாசிப்பாங்க."

"பத்து ஆம்பளைங்க முன்னாடி என் பேரச் சொல்லி இதையா வாசிப்பாங்க? வேணாம். வேட்டியே இருக்கட்டும்."

அப்போதுதான் பழைய விபத்துப் பாலிசி நினைவுக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் பாலிசி விற்ற ஏஜெண்ட் மோட்டார் சைக்கிளில் வந்து படித்துப் பார்த்தார். விபத்தால் வந்த பாதிப்பு என்றால் வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கும் பணம் உண்டு. வேறு காரணம் என்றால் ஒரு காசும் இல்லை. டாக்டர் கடிதத்தில் "விழுந்ததனால்" என்று இருந்தது. "முடிஞ்சது லா அண்ணே. ரெண்டு வாரத்துல செக் வந்துரும்" என்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. படிவத்தில் குறிப்பிட்டுள்ள நாட்குறிப்பைப் பார்வையிட எங்கள் அதிகாரி நேரில் வருவார் என்று அதில் இருந்தது.

எனக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. அலமாரியில் இருபத்திரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்புகள் வரிசையாக நின்றன. விழுந்த ஆண்டின் புத்தகத்தை எடுத்து, தூசு தட்டி, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

பிப்ரவரி, ஒரு புதன்கிழமை: "பாயைக் கழுவிப் பின்சந்தில் காயப்போட்டிருந்தாள். தேநீர் கொட்டியதாம்." எங்கள் வீட்டில் கழுவுவது, துடைப்பது எல்லாம் வெள்ளிக்கிழமைதான். புதன்கிழமை பாய் கழுவியதே இல்லை. அதனால்தான் அதை எழுதியிருக்கிறேன். மார்ச்: "மீண்டும் பாய். மீண்டும் தேநீர்." ஏப்ரல்: "கிள்ளானில் அவள் தங்கை மகள் திருமணம். வர மறுத்துவிட்டாள். பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார முடியாதாம்." அதற்கடுத்த வாரம்: "இடது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், காய்கறி வாங்கிக்கொண்டு பாசாரிலிருந்து வீடுவரை நடந்து வந்திருக்கிறாள். சிரித்தோம்."

எட்டு வரிகள். எட்டும் அவள் விழுவதற்கு முந்தையவை. நீல மையில், தேதியும் கிழமையும் போட்டு, என் கையால் எழுதியவை.

ஏஜெண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யாருண்ணே உங்கள டைரி பத்தி எழுதச் சொன்னா? 'நோ'ன்னு போட்டுட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? ஊருல எல்லாரும் பொய் சொல்லி மாட்டிக்குவாங்க. நீங்க ஒரு ஆளுதான் சாட்சி வச்சு மாட்டிக்கிறீங்க. கிழிச்சுப் போடுங்க."

"தேதி அச்சடிச்ச டைரி. கிழிச்சா தெரியும்."

"அப்ப தொலஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

"மத்த இருபத்தொன்னும் இருக்கு, அந்த வருஷம் மட்டும் தொலஞ்சுச்சா?"

அவர் போன பிறகு மனைவியின் அறைக்குள் போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"எப்பத்துலேர்ந்து?" என்றேன்.

"போன தீபாவளிக்கு முன்னாடியே." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாய் கழுவுனத எழுதியிருக்கீங்க. தேத்தண்ணி கொட்டுனத எழுதியிருக்கீங்க. செருப்பக்கூட எழுதியிருக்கீங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்கலையே."

கையிலிருந்த நாட்குறிப்பை மூடினேன்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். என் வயதுதான் இருக்கும், மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் கழற்றி நேராக வைத்தார். எனக்கு அதைப் பார்த்துப் பயம் வந்தது. ஒழுங்கான ஆள். ஒரு பக்கத்தையும் தாண்ட மாட்டார்.

தாண்டவில்லை. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார்.

"மழை பேஞ்ச நேரம், மீன் விலை, எல்லாம் இருக்கு சார். என் வீட்டுக்காரி இதப் பாத்தா என்னைய வீட்ட விட்டே தொரத்திருவா." சிரித்தார். விரல் பிப்ரவரியில் நின்றது. மார்ச்சைத் திருப்பினார். மறுபடி பிப்ரவரிக்கு வந்தார். "பாய அடிக்கடி கழுவியிருக்காங்களே, சார்?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளே இருந்து குரல் வந்தது. தெளிவாக, கொஞ்சம் கேலியாக.

"தேத்தண்ணிய பாயில வச்சுக் குடிக்கிறவரு உங்க எதுத்தாப்புல உக்காந்திருக்காரு அண்ணே. எழுதுறாரே, யாரு கொட்டுனதுன்னு எழுதுனாரா பாருங்க!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏப்ரல், மே எல்லாவற்றையும் விரைவாகப் புரட்டிவிட்டுத் தன் தாளில் ஒரு கோடு கிழித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லா கவனிச்சிக்குங்க சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர் லெட்டர் மட்டும் வேணும். அதுல காரணம் மாறாம இருக்கணும்" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து காப்புறுதிக் கணக்கில் மருந்துக்கடைக்காரர் நாப்கின் அட்டைப் பெட்டிகளையே வீட்டில் இறக்கிவிட்டார். அவளுடைய புண் ஆறியது. கிள்ளானிலிருந்து தங்கை வந்தபோது இருவரும் மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். வலது காலிலும் மரப்பு வந்திருப்பதாக அவள் சொன்னது அந்த வாரம்தான்.

மருத்துவமனையில் புதிதாக வந்திருந்த பெரிய டாக்டர் ஊசி முனையால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கீழ விழறதுக்கு முன்னாடி கால் மரத்துப் போச்சா? யூரின் தெரியாம போனதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இது முக்கியம்."

மேசையில் அவருடைய கோப்பு திறந்திருந்தது. காப்புறுதிக்குப் போகும் கடிதம் அந்தக் கோப்பிலிருந்துதான் எழுதப்படும். என் பையில் நாட்குறிப்பு இருந்தது. வெளியே போகும்போதெல்லாம் அது என்னுடன்தான் வரும். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல டாக்டர். விழுந்த பிறகுதான்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆமாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அடிபட்ட நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று சொல்லி உடற்பயிற்சிக்கு அனுப்பினார். வெளியே நாற்காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் அவள், "பெட்டி நிக்காம வரும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஏழு மாதம் கழித்து அவளால் உட்காரவே முடியாமல் போனது. அப்போது எடுத்த எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, அதே டாக்டர் என்னை மட்டும் வரவழைத்து முதுகுத்தண்டில் ஓர் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்.

"இது விழுந்ததால வந்தது இல்ல. ரொம்ப நாளா உள்ள ஒரு கட்டி வளர்ந்திருக்கு. இதனாலதான் விழுந்தே இருக்காங்க. முன்னாடியே அறிகுறி இருந்திருக்கணுமே. யாருமே கவனிக்கலையா?"

கவனித்திருந்தேன். எட்டு முறை.

அவளிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது மருந்துக்கடைக்காரர் அந்த மாதத்துப் பெட்டிகளோடு வாசலில் காத்திருந்தார். மூன்று பெட்டிகள், போன மாதத்தில் வந்தவற்றில் ஒன்று இன்னும் பிரிக்காமல் கிடந்தது. காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும் ரசீதை நீட்டினார். உள்ளே இருந்து அவள், "வந்துருச்சா?" என்று கேட்டாள். "வந்துருச்சுமா" என்றேன். காரணம் என்ற கட்டத்தில் "விபத்து" என்று எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டேன். ஆதாரம் எதுவும் குறிப்பிடவில்லை.