ஒரு கம்பி, இரண்டு வீடு

பாஞ்செவோ நகரில் என் எதிர்வீட்டுக்காரர் ப்ளாகோயே, வேலை போனதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனிதர். மனைவி செத்துப்போனாள், மகள் நெவேனா கனடாவுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் ஓர் அரதப் பழைய கணினியும், அதைப் போன் கம்பி வழியாக இணையத்தோடு சேர்க்கும் மோடமும் வாங்கி வந்தார். பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றே குறி.

மோடம் மசியவில்லை. 'டயல் டோன் இல்லை' என்றே திரையில் வந்தது. கம்பியைப் பிடுங்கிச் செருகினார். எங்கள் ஊர்த் தொலைபேசி நிலையம் கிழடு. சுழற்றும் போன் போல டக்டக்கென்று அடித்தால்தான் அதற்கு எண் புரியும். அதையும் கண்டுபிடித்து, மோடத்தை அப்படி அடிக்கும்படி மாற்றினார். ஒருநாள் வேலை செய்தது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

கோளாறு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே கம்பி. ஒருவர் எடுத்தால் மற்றவர் போன் பிணம். ப்ளாகோயேயோடு கம்பியைப் பகிர்ந்துகொண்டவள் பக்கத்து வீட்டுக் கோசாரா, தனியாக வாழ்ந்த தையல்காரி. தங்கையோடு பேச ஆரம்பித்தால் ஊர்க்கதை முடியாமல் வைக்க மாட்டாள்.

குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது. அதைக் கரண்டியால் தட்டினால், அவசரம், போனை வை என்று அர்த்தம். இந்த இருவரும் தொட்டதற்கெல்லாம் தட்டி, அந்த நல்ல வழக்கத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கினார்கள்.

"ஏன்யா, உன் பெட்டி பூனையாட்டம் கத்துறதுக்கு என் போன் சாகணுமா?" என்று படிக்கட்டில் மடக்கினாள் கோசாரா.

"உன் தங்கச்சி ஊறுகா போட்ட கதைக்கு என் பேத்தி காத்துக் கெடக்கணுமா?"

"அவ எங்கயும் போயிட மாட்டா. நான்தான் போகப்போறேன்."

"போறப்ப சொல்லிட்டுப் போ. லைனாவது எனக்கு மிச்சம்."

கோசாரா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

குளிர்காலத்துக்காக மிளகாய் சுட்டு வைக்கும் பருவத்தில் ஒரு மத்தியானம் பேத்தியின் படம் திரையில் வந்தது. மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது: குல்லாய், நெற்றி, கண். அப்போது குழாய் தட்டப்பட்டது.

"இரு இரு, மூக்கு வந்துடட்டும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம். மறுபடி தட்டல். அப்புறம் மெதுவாக ஒன்று. படம் முழுவதும் வந்த பிறகே இணைப்பை விட்டார். நெவேனாவின் மூக்கு அப்படியே பேத்திக்கு. அழுதேன் என்று அவரே சொன்னார்.

சாயங்காலம் மகளுக்குப் பதில் எழுதி அனுப்பப் பார்த்தார். டயல் டோன் இல்லை. வேண்டுமென்றே பழி வாங்குகிறாள் என்று கொதித்தார். குழாயைத் தட்டினார், பதில் இல்லை. காலையிலும் டோன் இல்லை. கம்பியை மாற்றினார், மோடத்தைக் கழற்றி மாட்டினார், அதைத் தானாகவே திரும்பத் திரும்ப அழைக்கும்படி விட்டுவிட்டு என் கதவைத் தட்டினார்.

"உங்ககிட்ட அவ சாவி இருக்கில்ல? வாங்க, நாலு வார்த்தை கேட்டுடலாம்."

கோசாரா குழாயடியில் கிடந்தாள். கையில் கரண்டி. ரிசீவர் தரையில் கழன்று கிடந்தது. உடம்பு விறைத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சொல்ல ரிசீவரை எடுத்து, டோன் வரட்டும் என்று தாங்கியில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோடம் டக்டக்கென்று எண்ணை அடித்து, கத்தத் தொடங்கியது.

ப்ளாகோயே கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டுத்தான் போயிருக்கா," என்றார்.