கிளட்ச் வாத்தியார் வாங்கிய தும்மல்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மற்றவர்கள் வைத்தது கிளட்ச் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஒரே ஆள், ஒரே கார். பலகையில் 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று இருப்பதை நம்பிக் கட்டடத்தைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. கட்டடமெல்லாம் கிடையாது. கார்தான் பள்ளிக்கூடம். கூரையில் மஞ்சள் பலகை, பக்கத்து சீட்டுக்குக் கீழே வாத்தியாருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்தக் கிளட்ச்சை மிதித்து மிதித்தே அவருடைய இடது செருப்பு நாலு மாதத்தில் தேய்ந்துவிடும். வலது செருப்புகள் மட்டும் வீட்டில் ஒரு குவியல் கிடக்கின்றன, புதுசு மாதிரி.

வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் அவர் கத்த மாட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே ஒரு வாக்கியம் சொல்வார்: "வண்டி தானா ஆஃப் ஆகாது. நீங்க ஆஃப் பண்றீங்க." வக்கீல், டாக்டர், எண்பது கிலோ மீசைக்காரர் என்று எவரும் தப்பியதில்லை. என் அக்காவும் அவரிடம் படிக்கப் போனவள்தான். முதல் நாளே பதினோரு தடவை நிறுத்தினாள், பதினோரு தடவையும் அதைக் கேட்டாள். "ரோட்ல சண்டை போட்டா நாலு பேரு பாக்கறாங்க, வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம்னுதான் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

பழைய கார் படுத்துவிட்டதால் போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். சின்ன பெட்ரோல் கார், ஆனால் டர்போ வைத்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வாத்தியாருக்கு டர்போ எதற்கு என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு டிகிரி?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஏழெட்டு மாதத்தில் வண்டி மேடு ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எந்நேரமும் காருக்கு அடியில் பள்ளத்தில் கிடப்பதால் அவருக்குப் பெருச்சாளி என்று பெயர். அவரே அதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். பெருச்சாளி தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"டர்போ நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. மிச்சக் காத்தைத் திருப்பி விடற வால்வுல ரப்பர் கிழிஞ்சிருக்கு. கம்பெனி வால்வு வரவழைக்கறேன், பத்து நாள் ஆகும்."

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற விசிறி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினின் வாசல் சட்டென்று மூடிக்கொள்ளும். திணித்த காற்று போக இடமில்லாமல் திரும்பி வந்து விசிறியையே அறையும். அப்படி அறையாமல் இருக்க நடுவில் ஒரு வால்வு. பெரும்பாலான கார்களில் அது காற்றைச் சத்தமில்லாமல் திரும்பவும் உள்ளே வாங்குகிற குழாய்க்கே அனுப்பிவிடும்.

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்துத் தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு சிவப்புக் கார் கடைக்குள் நுழைந்தது. அதை ஓட்டியவர் காலை எடுத்தார். 'ப்ஸ்ஸ்ஷ்ஷ்' என்று ஒரு தும்மல். அத்தான் கையிலிருந்த டீ கால்சட்டையில் கொட்டியது. அவர் துடைக்கக்கூட இல்லை.

"அது என்ன சத்தம்?"

"அதுவும் வால்வுதான். ப்ளோ ஆஃப் வால்வு. காத்தை வெளிய விட்டுரும்."

"எனக்கு அதையே போடு."

"உங்க வண்டிக்கு வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்." பெருச்சாளி பள்ளத்துக்குள் போய்விட்டார். அவர் நல்ல மெக்கானிக். விளக்கம் சொல்வது மட்டும் அவருக்கு ஆகாது. காரணம் கேட்டால் ஸ்பேனர் சத்தம்தான் பதிலாக வரும்.

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனி வால்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு குடும்பத்திலும் இன்ஜினீயரிங் படித்தவன் நான் ஒருத்தன். "நாலு வருஷம் படிச்சிருக்கியே மாப்ள, நீ சொல்லு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லத்தான். மிச்சக் காத்துதானே? உள்ள போனா என்ன, வெளிய போனா என்ன?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பல்கலைக்கழகம் என் பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் நியாயம். அன்று எனக்கு அது தெரியவில்லை.

மூன்று சாயங்காலம் வால்வு தேர்ந்தெடுத்தோம். அதாவது, சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகத் தும்ம வைத்தோம். ப்ஸ்ஸ். ட்ச்சூ. ச்சூஊஊ. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பாட்டுப்போட்டி நடுவர் மாதிரி. "இது ஜலதோஷம். இது ஆஸ்துமா. ஆங், இதுதான் தும்மல்!" துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு கைக்குட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வால்வுக்குள் ஒரு ஸ்ப்ரிங் இருக்கும். மெல்லியது, நடுத்தரம், கெட்டி என்று மூன்று. சீக்கிரம் திறக்கும் என்று அத்தான் மெல்லியதைக் கேட்டார். அது வண்டி சும்மா நிற்கும்போதே திறந்துகொள்ளும், கெட்டியோ லேசாக மிதித்து எடுத்தால் திறக்கவே திறக்காது என்று சொல்லி நடுத்தரத்தில் நிறுத்தினேன். இந்த மொத்தக் கதையிலும் நான் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

வால்வு வந்து சேர்ந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமை அத்தானுக்கு டெஸ்ட். கற்றுக்கொடுக்கிறவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் முன்னால் தங்கள் பயிற்சிக் காரையே ஓட்டிக் காட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தவறினாலும் சரி, போகாமல் விட்டாலும் சரி, ஆறு மாதம் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது. அத்தானுக்கு வேறு தொழிலும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது.

"வியாழக்கிழமை டெஸ்ட்ட வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை வண்டிய பிரிக்கறீங்களே, ரெண்டு பேருக்கும் சேத்தாவது ஒரு மூளை இருக்கா?" என்றாள் அக்கா.

"ஒரு மணி நேர வேலை" என்றேன்.

ஐந்து மணி நேரம் ஆனது. பழைய வால்வுக்கு மூன்று போல்ட். இரண்டைப் பார்க்க முடிந்தது. மூன்றாவதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கழற்றுவதற்குள் என் விரல் முட்டிகள் தோலுரிந்தன. புது வால்வைத் திறக்கச் சொல்கிற மெல்லிய ட்யூபை, இன்ஜின் வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும். நான் முதலில் இந்தப் பக்கமிருந்து எடுத்தேன். தும்மல் வரவில்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பும் கரைந்தது. மாற்றி மாட்டினோம். பழைய வால்வு காற்றைத் திருப்பி அனுப்பிய துளைக்கு ரப்பர் மூடி போட்டு கிளாம்ப் இறுக்கினோம்.

அத்தான் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். ப்ஸ்ஸ்ஷ்ஷ்! மதில் மேலிருந்த பூனை அடுத்த வீட்டுக்குக் குடிபோயிற்று. மஞ்சள் பலகை வைத்த பள்ளிக்கூடம் ஒன்று பந்தயக் கார் மாதிரி தும்முவதைப் பார்க்க மாடிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். அத்தானுக்கு முகமெல்லாம் பல். நாலு சுற்று. ஐந்தாவது சுற்றில் வீட்டு கேட்டுக்கு நேரே வந்து கிளட்ச்சை மிதித்தார், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், ப்ஸ்ஸ்ஷ்ஷ். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இன்ஜின் நின்றுவிட்டது.

கேட்டில் சாய்ந்திருந்த அக்கா நிதானமாகச் சொன்னாள்: "வண்டி தானா ஆஃப் ஆகாதுங்க. நீங்க ஆஃப் பண்றீங்க."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புது வால்வு பழகிக்கொள்ளும் என்றார். திங்களும் செவ்வாயும் அதே காரில் வகுப்பு எடுத்தார். பல் டாக்டரம்மா ஒருவர் மூன்று வாரமாக நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த இரண்டு நாளில் ஒன்பது தடவை வண்டியை நிறுத்தினார். வாத்தியார் ஒன்பது தடவையும் கண்ணாடியைச் சரிசெய்து அந்த வாக்கியத்தைச் சொன்னார். கடைசியில் அந்தம்மா, "சார், எனக்கு இது வராது, விட்டுடறேன்" என்று சாவியை நீட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு அத்தான் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் பெருச்சாளியிடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பானெட்டைப் பார்த்தார்.

"யாரு மாட்டினது? படிச்சவரா?"

நான் ரேடியேட்டரை ஆராய்ந்தேன்.

அன்றைக்குத்தான் பெருச்சாளி வாய்திறந்து விளக்கம் சொன்னார். "இந்த வண்டில டர்போவுக்கு முன்னாடியே ஒரு சென்சார் உக்காந்து உள்ள போற காத்தை எண்ணிக்கிட்டு இருக்கு. எண்ணின கணக்குக்குத்தான் பெட்ரோல் ஊத்தும். வீட்டுக்குப் பத்துப் பேர் வந்திருக்காங்கன்னு எண்ணி சோறு வடிச்சாச்சு. ஆறு பேரு பின்வாசல் வழியா ஓடிட்டாங்க. மிச்ச சோத்தை யாரு திங்கறது? இன்ஜினுக்குத் தொண்டை அடைச்சுக்குது. சென்சார் எண்ணாத வண்டின்னா வெளிய விட்டுக்கலாம். உங்களது எண்ணுற வண்டி."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்றார் அத்தான்.

"கேட்டாதானே? ஒரு தடவை கேட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க."

கழற்றும்போதே உடைந்துபோன பழைய வால்வு உதவாது. திருப்பி அனுப்புகிற மாதிரி புது வால்வு, அவசரமாகச் சொன்னாலும் திங்கட்கிழமைதான் வரும். டெஸ்ட் நாளைக்கு. "காலைச் சட்டுனு எடுக்காதீங்க. மெதுவா எடுத்தா வால்வே திறக்காது, வண்டியும் நிக்காது" என்று சொல்லிப் பெருச்சாளி பள்ளத்தில் இறங்கினார்.

டெஸ்ட்டின்போது பின்சீட்டில் ஓர் ஆள் எடை இருக்க வேண்டும் என்பது விதி. எடையாக நான் டெஸ்ட் மைதானத்துக்குப் போனேன். இன்ஜினீயருக்கு ஏற்ற வேலைதான்.

முதல் பாதியில் அத்தான் ஓட்டினார். தூங்குகிற குழந்தையின் வாயிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வால்வு மூச்சு விடவில்லை. எனக்கே கைதட்டத் தோன்றியது.

இரண்டாம் பாதியில் இடம் மாறினார்கள். இப்போது இன்ஸ்பெக்டர் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி ஓட்டுவார், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த இன்ஸ்பெக்டர் மோசமான மாணவனாக நடிப்பதில் பேர்போனவர். வேண்டுமென்றே ஓங்கி மிதித்தார், சடக்கென்று எடுத்தார். ப்ஸ்ஸ்ஷ்ஷ். வண்டி நின்றது. அவர் இதை எதிர்பார்க்கவில்லை என்று பிடரியிலேயே தெரிந்தது. கிளப்பினார். ப்ஸ்ஸ்ஷ்ஷ். மறுபடியும். மூன்றாவது தடவை நின்றபோது நடிப்பெல்லாம் போய்க் காது சிவந்திருந்தது.

"ஆபீஸ்லயே உக்காந்து உக்காந்து கால் பழக்கம் விட்டுப்போச்சு போல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பின்சீட்டில் நான் வேண்டாத தெய்வமில்லை. அத்தான் தலையை ஆட்டினால் போதும். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன வாக்கியம்தானே, இன்ஸ்பெக்டரே சொல்லிக்கொள்கிறார்! அத்தான் கை கண்ணாடியைச் சரிசெய்யப் போனது. பாதி வழியில் நின்றது. மடியில் விழுந்தது.

"சார், உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு வண்டில. சத்தத்துக்கு ஆசைப்பட்டு நான்தான் ஒரு வால்வு மாத்தினேன்."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "சத்தத்துக்கா?"

"ஆமா சார்."

"என்ன வயசு உங்களுக்கு?"

"அம்பத்தொண்ணு சார்." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். "இப்ப கிளப்புங்க. காலை எடுக்கறப்ப மூணு எண்ணி எடுங்க. ஒண்ணு... ரெண்டு... அவசரம் இல்ல சார், பின்னால யாரும் வரல... மூணு. பாத்தீங்களா? நிக்கல." மிச்ச மைதானம் முழுக்க வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே வாசித்தார். "ஓட்டினது பாஸ். சொல்லிக்கொடுத்தது பாஸ். வண்டி ஃபெயில். பத்து நாளைக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க, அப்பதான் உரிமத்துல கையெழுத்து. அதுவரைக்கும் இதுல யாருக்கும் கிளாஸ் கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எதுவும் சொல்லாமல் பல் டாக்டரம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தார். "அம்மா, அந்த ஒம்பது தடவையும் நான்தான்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஐயோ, பல்லெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, வேணாம்மா" என்று அவசரமாக வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பெருச்சாளி சரியான வால்வை இருபது நிமிஷத்தில் மாட்டினார். அந்த மூன்றாவது போல்ட்டைக்கூடப் பார்க்காமலே கழற்றினார். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் பத்துத் தடவை மிதித்துச் சடக்கென்று எடுத்துப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை, தும்மவும் இல்லை. கையெழுத்துப் போட்டு உரிமத்தை நீட்டினார். அத்தான் வாங்கிக்கொண்டு கிளம்பப் போனபோது இன்ஸ்பெக்டர் ஜன்னலில் குனிந்தார்.

"உங்க கிளாஸ்ல இடம் இருக்கா?"

"யாருக்கு சார்?"

"என் வீட்ல. ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கொடுக்கறேன், நிறுத்தினா திட்டறேன்னு வரமாட்டேங்கறாங்க. உங்க கதையச் சொன்னேன். தப்பை வண்டி மேல போடற வாத்தியார்தான் வேணுமாம்."

இன்ஸ்பெக்டர் வீட்டம்மா சேர்ந்து இப்போது நாலாவது வாரம். தினம் ஏழெட்டுத் தடவை வண்டி நிற்கிறது. வால்வு நன்றாக இருக்கிறது, கோளாறு முழுக்க அந்தம்மா காலில்தான். இதை எப்படிச் சொல்வது என்று அத்தான் என்னிடம் ஆலோசனை கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.